வழிச்சோறும் கணக்கேடும்

களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்தில், கொழும்பு மாநகரின் வட எல்லையாக அமைந்திருப்பது மட்டக்குளி. அங்கிருந்து தெற்கு நோக்கி வருவோர் முகத்துவாரம், கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, செட்டியார் தெரு ஆகிய பகுதிகளைக் கடந்து துறைமுகத்தை அடைவர். கடல் கடந்து வந்த தமிழரின் வரலாற்றில் இந்தச் சிறு நிலப்பரப்புக்குத் தனி இடம் உண்டு. வணிகர் இங்கே வந்து தங்கினர். யாத்திரிகர் இவ்வழியே சென்றனர். கப்பலில் வந்த அரிசி மூட்டைகளைச் சுமந்தோர் இங்கே குடியேறினர். இவர்கள் யாவரும் புறப்படுமுன் ஒரு வினாவுக்கு விடை தேட வேண்டியவராயினர். வழியில் உண்பது எதை? அதற்கான செலவை ஏற்பவர் யார்? அந்தச் செலவு எழுதப்படுவது எவருடைய ஏட்டில்?

முதல் இரண்டு வினாக்களும் எளியவை. மூன்றாவது வினா அத்தகையதன்று. வழிச்சோற்றின் விலை எக்காலத்திலும் சிறியதே. ஆனால் அது எவருடைய கணக்கேட்டில் எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தே, பிரயாணி போய்ச்சேர்ந்த நாட்டில் தன்விருப்பம்போல் நடந்தானா, பிறருக்குக் கட்டுண்டு கிடந்தானா என்பது அமைந்தது. இலங்கைக்கு வந்த தமிழரின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது.

பழந்தமிழர் பிரயாணத்துக்கு முதன்மையான துணை கட்டுச்சோறு. புளிச்சோறு, அவல், பொரிமா, யாழ்ப்பாணத்திலே புழுக்கொடியலும் பனங்கட்டியும் என, எளிதிற் கெடாத பண்டங்களைத் துணியிலோ ஓலைப் பெட்டியிலோ கட்டிக்கொண்டு மக்கள் வழிநடந்தனர். வீட்டுப் பானையிலிருந்து எடுத்த உணவுக்குக் கணக்கில்லை, கடனுமில்லை. ஆனால், கட்டிக்கொடுத்த சோறு எத்தனை நாளைக்கு என்று பழமொழி கேட்பது பொருளோடுதான். சமைத்த சோறு இரண்டொரு நாளுக்கு மேல் நில்லாது. நீண்ட வழி நடப்போர் அரிசியைச் சுமக்க வேண்டும். அன்றேல் வழியில் எவரேனும் சோறு இடவேண்டும்.

அவ்வாறு சோறு இடுவதற்கென எழுந்தவையே சத்திரங்கள். தஞ்சையிலிருந்து இராமேசுவரம் நோக்கிச் செல்லும் பெருவழியில் மராத்திய அரசர்கள் பல சத்திரங்களை அமைத்தனர். ஒரத்தநாட்டில் உள்ள முத்தம்பாள் சத்திரம் அவற்றுள் புகழ் பெற்றது. இரண்டாம் சரபோசி மன்னர் 1801 ஆம் ஆண்டில் பிரித்தானிய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், இச்சத்திரங்களின் நடைமுறையை விரித்துரைத்துள்ளார். எவ்வகுப்பினராயினும் வந்த வழிப்போக்கருக்குச் சமைத்த சோறு இடப்பட்டது. பிறர் சமைத்ததை உண்ணாதவர்க்கு அரிசியும் பிற பண்டங்களும் அளக்கப்பட்டன. நள்ளிரவில் மணி அடித்து, உண்ணாதவர் எவரேனும் உளரோ என்று அழைத்துக் கேட்கும் வழக்கமும் இருந்தது. நோயுற்று வழியில் தங்கியவர்க்கு மருத்துவமும் செய்யப்பட்டது. இங்கேயும் செலவு எழுதப்பட்டது. ஆனால் உண்டவன் பெயரில் அன்று, அறக்கட்டளையின் பெயரில். உண்டவன் மறுநாட் காலையில் எழுந்து, எவருக்கும் பதில் சொல்லாமல் தன் வழியே போகலாம்.

ஆனால் சத்திரத்தின் மணியோசை கடற்கரையோடு நின்றுவிட்டது. கடலுக்கு அப்பால் சென்றவர்கள் வேறு ஏற்பாடுகளை நாடவேண்டியவராயினர். அவர்களுள் திறம்பட ஏற்பாடு செய்துகொண்டவர் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் எனலாம்.

செட்டிநாட்டுத் தொழில் நிலையமொன்றின் முகவராகக் கொழும்புக்கோ, இரங்கூனுக்கோ, சிங்கப்பூருக்கோ செல்பவர் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணையில் செல்வது வழக்கம். மனைவி மக்கள் ஊரிலேயே இருப்பர். தவணைச் சம்பளத்தின் ஒரு பகுதி புறப்படுமுன்பே முன்பணமாகக் கொடுக்கப்படும். அது வீட்டுச் செலவுக்கு உதவும். அயல்நாட்டிலே அவருடைய உணவும் உறைவிடமும் நிலையத்தின் பொறுப்பு. பல நிலையங்களின் முகவர்கள் ஒரே கிட்டங்கியில் அமர்ந்து, ஒவ்வொருவரும் தமக்கென ஒரு பெட்டியும் ஒரு பாயும் கொண்டு தொழில் நடத்தினர். ஊரிலிருந்து வந்த சமையற்காரர் ஆக்கிய உணவையே உண்டனர். கொழும்பில் செட்டியார் தெருவும், அங்கே அவர்கள் எழுப்பிய கதிரேசன் கோவில்களும், ஆடி மாதத்தில் அங்கிருந்து புறப்படும் வேல் விழாவும் இவ்வாழ்க்கையின் நினைவுச் சின்னங்களாக விளங்குகின்றன.

செட்டியாரின் சிக்கனம் பலராலும் பேசப்பட்டதொன்று. ஆயினும் அதன் அடிப்படை வயிற்றைக் கட்டுவதில் இல்லை. உணவுச் செலவு தனி மனிதன் தலையில் விழாதபடி நிலையத்தின் பற்றுவரவில் வைக்கப்பட்டதே அதன் அடிப்படை. அந்தப் பற்றுவரவை எழுதியவரும் படித்தவரும் அவர்களே. மூன்றாண்டு முடிந்து ஊர் திரும்பும்போது, சாப்பிட்ட சோற்றுக்காக எவரும் அவரை மறித்து நிறுத்தவில்லை.

இனி, இதே கடலை இதே காலத்தில் கடந்த மற்றொரு கூட்டத்தாரைப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டிச் சீமையிலே கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது, திருச்சி, தஞ்சை, மதுரை, சேலம், இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் திரள் திரளாக வந்தனர். பாக்கு நீரிணையைத் தோணியிற் கடந்து மன்னார்க் கரையில் இறங்கினர். பின்னர் மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை நடந்தனர். அது 130 மைலுக்கு மேற்பட்ட காட்டுவழி. நீரில்லாத இடங்கள் பல. வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் அவ்வழியிற் பலரை மாய்த்தன. பிற்காலத்தில் அரசாங்கம் கிணறுகளையும் தங்கு கொட்டகைகளையும் மருத்துவ நிலையங்களையும் ஆங்காங்கு அமைத்தது.

இவ்வழியில் உண்ட உணவின் அளவை ஒருவாறு கணக்கிட்டுப் பார்க்கலாம். நாளொன்றுக்கு 15 மைல் வீதம் நடந்தால் அவ்வழியைக் கடக்க ஒன்பது பத்து நாட்கள் செல்லும். ஒருவருக்கு நாளைக்கு ஒரு கொத்து அரிசி என்று வைத்துக்கொண்டால், பத்துக் கொத்து அரிசி வேண்டும். நான்கு சுண்டு ஒரு கொத்து. முப்பத்திரண்டு கொத்து ஒரு புசல். ஆகவே பத்துக் கொத்து என்பது ஒரு புசலில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்தது. எடையில் ஏறக்குறைய 20 இராத்தல். குழந்தையையும் பானையையும் சுமந்து வருபவள் இத்தனை இராத்தல் அரிசியையும் சேர்த்துச் சுமத்தல் அரிது. ஆதலால் வழியிலே வாங்கியாக வேண்டும். கையில் காசிருந்தால் அவள் கடல் கடந்து புறப்பட்டிருக்கவே மாட்டாள். அங்கேதான் கங்காணியின் மடிச்சீலை அவிழ்கின்றது.

தோட்டத் துரை கங்காணியிடம் முன்பணம் கொடுப்பார். கங்காணி தன் சொந்த ஊருக்குச் சென்று ஆள் சேர்ப்பார். ஊர்க் கடனைத் தீர்ப்பதற்குச் சிறிது, கம்பளிக்கும் துணிக்கும் சிறிது, தோணிக் கூலிக்குச் சிறிது, வழிச்சாப்பாட்டுக்குச் சிறிது என அவர் கையால் செலவு நடைபெறும். அவ்வளவும் தொழிலாளியின் பெயரிற் பற்றாக எழுதப்படும். எழுதியவர் கங்காணி அல்லது தோட்டக் கணக்கப்பிள்ளை. எழுதப்பட்டதைப் படிக்கத் தொழிலாளியால் இயலாது. பத்துக் கொத்து அரிசி ஏட்டில் எத்தனை கொத்தாயிற்று என்று கேட்பதற்கும் அவனிடம் அளவுகோல் இல்லை.

இதிலே மனத்தைத் தொடும் செய்தி ஒன்றுண்டு. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்பது தமிழர் வளர்த்த பண்பு. காட்டுவழியிலே பசித்திருந்தபோது சோறிட்டவர் கங்காணி. அவர் பெரும்பாலும் அதே ஊரினர், சிலருக்கு உறவினருங்கூட. ஆகவே அவரை எதிர்த்துக் கணக்குக் கேட்பது நன்றி மறந்த செயலாகத் தோன்றியது. கடன் ஒருபுறமும் நன்றியுணர்வு மறுபுறமுமாக நின்று தொழிலாளியைப் பிணித்தன. சத்திரத்திலே அறமாக இருந்த சோறு, கங்காணியின் கையிலே அறத்தின் தோற்றத்தோடு கூடிய கடனாயிற்று.

தோட்டத்தை அடைந்த பின்னரும் நிலைமை மாறவில்லை. கூலி மாதக் கணக்கிற் காலந்தாழ்த்திக் கொடுக்கப்பட்டது. இடைக்காலத்தில் உயிர் வாழ்வதற்குத் தோட்டமே அரிசி அளந்து, அதன் விலையைக் கூலியிற் கழித்துக்கொண்டது. அந்த அரிசி வந்த வழியும் கொழும்பு வடபகுதியின் வழியே. இந்தியாவிலிருந்தும் பருமாவிலிருந்தும் கப்பலில் வந்த மூட்டைகள் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கின. வணிகர் கிடங்குகளிற் சேர்ந்தன. முதலில் மாட்டு வண்டிகளிலும், 1867 ஆம் ஆண்டிற் கண்டிக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்ட பின்னர்ப் புகையிரதத்திலும் மலைநாடு சென்றன. தோட்டத்துக்கும் கங்காணிக்கும் வேண்டிய ரொக்கத்தைக் கடனாகக் கொடுத்து உதவியவருள் செட்டியார் தெரு வணிகரும் இருந்தனர். ஒரே தெருவின் பணம், முகவருக்குக் கவலையற்ற உணவாகவும், தொழிலாளிக்குத் தீராத பற்றாகவும் இருவேறு ஏடுகளில் இருவேறு வடிவங் கொண்டது.

இந்தப் பற்று நாளடைவில் ஒரு காகிதத்தில் வந்து முடிந்தது. அதற்குத் துண்டு என்று பெயர். குறித்த தொகையைக் கொடுப்பவரிடம் இந்த ஆட்களை விடுவிக்கச் சம்மதம் என்று ஒரு தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. வேறு தோட்டம் அத்தொகையைச் செலுத்தினால், தொழிலாளர் அங்கே செல்வர். கடனும் அவர்களுடன் செல்லும். ஆட்களுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தபோது ஒரு தோட்டத்தோடு மற்றொரு தோட்டம் போட்டியிட்டது. போட்டியிற் கொடுத்த மேலதிக முன்பணம் பெரிய கங்காணியின் கையிற் சேர்ந்தது. சுமை மட்டும் தொழிலாளியின் பெயரில் ஏறியது. கடனைத் தீர்க்காமல் தோட்டத்தை விட்டு நீங்கியவன் சட்டப்படி தண்டனைக்கும் உள்ளானான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பிளேக் நோய் பற்றிய அச்சத்தினால் வடபாதை மூடப்பட்டது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு வரும் கப்பல் வழியே தொழிலாளருக்கும் வழியாயிற்று. தூத்துக்குடிக்கு அண்மையில் தட்டப்பாறையில் முகாம் அமைந்தது. 1904 ஆம் ஆண்டில் தோட்டத் துரைமார் திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழிலாளர் ஆணையகத்தை நிறுவினர். 1914 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 24 ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியது. மண்டபம் முகாம் தொழிலாளரின் தலைவாசலாயிற்று.

இக்காலத்தில் வழக்கில் இருந்தது தகரச் சீட்டு முறை. தோட்டத்தின் எண் பொறித்த சிறு தகரத் துண்டு ஒன்றைத் தொழிலாளி கழுத்தில் அணிந்துகொள்வான். அதனைக் காட்டினால் கையிற் காசின்றியே வழிப்பயணம் செய்யலாம். காட்டுவழிப் பசியும் சாவும் ஒழிந்தன என்பது உண்மை. அதனைக் குறைத்து மதிப்பிடுதல் ஆகாது. ஆனால் செலவு ஒழியவில்லை. அது தோட்டத்தின் பெயரில் எழுதப்பட்டு, அங்கிருந்து தொழிலாளியின் பற்றுக்கு வந்து சேர்ந்தது. முன்பு சோறிட்ட கையாவது கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது அதுவும் மறைந்தது.

இதைப் போன்ற முறை தமிழருக்கு மட்டும் உரியதன்று. சீனத்திலிருந்து மலாயாவுக்கும் கலிபோர்னியாவுக்கும் சென்ற தொழிலாளர் பலர், கப்பற் கட்டணத்தையும் வழிச்செலவையும் கடனாகப் பெற்று, உழைத்துத் தீர்ப்பதாக ஒப்புக்கொண்டு சென்றனர். அதற்கு முன் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா சென்ற ஏழை மக்களுள்ளும் பலர் கப்பற் செலவுக்கு ஈடாகத் தம் உழைப்பைச் சில ஆண்டுகளுக்கு எழுதிக் கொடுத்தனர். தேசம் எதுவாயினும், முன்செலவைப் பிறர் ஏற்று அதனை உழைப்பவன் பெயரில் எழுதும்போது விளைவு ஒன்றாகவே இருந்தது.

இலங்கையில் இக்கணக்கைத் திருத்த முன்வந்தவருள் சேர் பொன்னம்பலம் அருணாசலம் தலைசிறந்தவர். கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தை நிறுவிய பொன்னம்பல முதலியாரின் மைந்தர் அவர். அவர் 1919 ஆம் ஆண்டில் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை அமைத்து, துண்டு முறைக்கும் தண்டனைச் சட்டத்துக்கும் எதிராகக் குரல் எழுப்பினார். 1921 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

அதற்கடுத்த படியே இவ்வரலாற்றில் மிக முக்கியமானது. 1922 ஆம் ஆண்டில் இந்தியா குடியகல்வுச் சட்டத்தை இயற்றியது. அதற்கேற்ப இலங்கை 1923 ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கட்டளைச்சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்படி பொது நிதி ஒன்று நிறுவப்பட்டது. தோட்டங்கள் யாவும் அதற்குப் பணம் செலுத்தின. தொழிலாளி ஊரை விட்டுப் புறப்பட்டதிலிருந்து தோட்டத்தை அடையும் வரை ஆகும் புகையிரதக் கட்டணமும், முகாமில் உண்ட உணவும், பிற செலவும் அப்பொது நிதியிலிருந்தே செலுத்தப்பட்டன. அவற்றைத் தொழிலாளியிடம் திரும்ப அறவிடுதல் ஆகாது என்பது விதி. வழிச்சோறு முதன்முறையாகத் தொழிலாளியின் கணக்கேட்டிலிருந்து நீங்கியது. சத்திரத்து மணியோசை நூறாண்டு கழித்துக் கடலைக் கடந்தது என்று கூறினும் பொருந்தும். அம்முறை அது அறமாக வரவில்லை, சட்டமாக வந்தது.

இவ்வாறு நீங்கிய சுமை எத்துணைச் சிறியது என்பதைப் பின்வந்த சட்டமே காட்டுகின்றது. 1927 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1929 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மலைநாட்டுத் தோட்டத்தில் ஆணுக்கு நாட்கூலி 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். தோட்டம் அளக்கும் அரிசி புசல் ஒன்று 6 ரூபா 40 சதத்துக்கு மேற்படலாகாது. அதாவது கொத்து ஒன்று 20 சதம். அந்த விலைப்படி மேலே கூறிய பத்துக் கொத்து வழியரிசியின் பெறுமதி 2 ரூபா. ஓர் ஆணின் நான்கு நாட்கூலிக்குள் அது அடங்கிவிடும். நான்கு நாள் உழைப்பில் தீரவேண்டிய செலவு, கணக்கேட்டின் வழியாக முற்காலத்தவரைப் பல்லாண்டு கட்டிவைத்த பெருங்கடனுக்கு வித்தாயிற்று. கடனொழிந்த பின்னரும் குறைகள் ஒழிந்தபாடில்லை. கூலியின் பெரும்பகுதி அரிசிக்கே சென்றது. கோ. நடேசய்யர் போன்றோர் பத்திரிகை வாயிலாகவும் சங்கத்தின் வாயிலாகவும் அக்குறைகளை எடுத்துரைத்தனர். 1939 ஆம் ஆண்டில் இந்தியா தன் தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதைத் தடை செய்ததோடு ஆட்சேர்ப்பின் வரலாறு முடிவுற்றது.

இதே கொழும்பிலே வேறொரு வகையான சாப்பாட்டுக் கணக்கும் வழங்கியது. 1905 ஆம் ஆண்டில் வடபகுதிப் புகையிரதப் பாதை காங்கேசன்துறையை எட்டியது. அதன்பின் யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் அரசாங்க எழுதுவினைஞராகத் தலைநகருக்கு வந்தனர். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பலர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒரு சமையற்காரரை அமர்த்தி வாழ்ந்தனர். அதனைச் சமறி என்பர். அரிசி, மரக்கறி, விறகு, சமையற்காரர் சம்பளம் யாவும் ஒரு கொப்பியில் எழுதப்படும். மாத முடிவிற் கூட்டி, தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கட்டுவர். மிச்சத்தை மணியோடரில் ஊருக்கு அனுப்புவர். கணக்கை எழுதியவரும், பார்த்தவரும், பணம் கொடுத்தவரும், உண்டவரும் ஒருவரே. பிழை கண்டால் அன்றே கேட்கலாம். எழுத்தறிவும் மாதம் தவறாத சம்பளமும் அவர்களுக்கு வாய்த்திருந்தன. தோட்டத் தொழிலாளிக்கு அவ்விரண்டும் வாய்க்கவில்லை.

அந்த நாளையத் துண்டும் தகரச் சீட்டும் இன்று இல்லை. 1964 ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயலில் தனுக்கோடி அழிந்தது. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 14 ஆம் நாள் கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கியது. இன்றைய பிரயாணி, எந்த ஊரில் எந்தச் சாப்பாட்டுக்கு என்ன விலை என்பதைப் புறப்படுமுன்பே அறிந்துகொள்கின்றான். ஆயினும் இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் மேற்காசிய நாடுகளுக்கு உழைக்கச் செல்வோர் பல்லாயிரவர். ஒப்பந்தத்திலே உணவு எவர் பொறுப்பு, வழிச்செலவு எவர் கணக்கு என்ற வரிகள் அவர்களுக்கு இன்றும் உயிர்நாடியானவை. தொழிலாளரிடமிருந்து வேலைவாய்ப்பு முகவர் நிலையங்கள் கட்டணம் வாங்கலாகாது என்பதனைச் சர்வதேசத் தொழில் நிறுவனம் 1997 ஆம் ஆண்டின் 181 ஆம் இலக்கச் சமவாயத்திற் பொது விதியாக வகுத்தது. 1923 ஆம் ஆண்டின் பொது நிதி உணர்த்திய உண்மையும் அதுவே.

பிரயாணத்திற் சிக்கனம் வேண்டும் என்று அறிவுரை கூறுவது எளிது. கடல் கடந்த தமிழ்த் தொழிலாளி ஊதாரியாக இருந்து கடன்படவில்லை. அவன் உண்டது ஒரு வேளைக்கு ஒரு பிடி சோறு. அதனை எழுதிய ஏடு அவன் கையில் இல்லை. அதனைப் படிக்கும் கல்வியும் அவனுக்குக் கொடுக்கப்படவில்லை. இன்று வெளிநாடு செல்லும் ஒருவன் பெட்டியிற் பொரிமாவும் பனங்கட்டியும் எடுத்துச் செல்லட்டும். அவற்றோடு, தான் உண்ணும் உணவின் கணக்கு எங்கே எழுதப்படுகின்றது என்பதையும் அறிந்து, அதன் படியொன்றைத் தன் கையில் வைத்துக்கொள்வானாக.